வாள் அலகு ஹம்மிங் பறவை

கேள்வி: உடலைவிட நீளமான அலகுள்ள பறவை உண்டா?

பதில்: உண்டு. வெனிசுவேலா முதல் பொலிவியா வரை, ஆண்டிஸ் மலைத்தொடரின் ஈரக் காடுகளில் வாழும் வாள் அலகு ஹம்மிங் பறவை அது. எடை சுமார் 12 கிராம்தான். அலகோ ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். வாலை விட்டுவிட்டு அளந்தால், உடலைவிட அலகே நீளம்.

காரணம் பூக்களில் இருக்கிறது. அங்கே வளரும் பேஷன் ஃபுரூட் இனக் கொடிகள் சிலவற்றின் பூங்குழாய் மிக ஆழமானது. அடியில் ஊறும் தேன் மற்ற ஹம்மிங் பறவைகளின் அலகுக்கு எட்டாது. இப்பறவை அந்தரத்தில் நின்றபடி அலகை உள்ளே செலுத்திக் குடிக்கிறது. நெற்றியில் ஒட்டும் மகரந்தம் அடுத்த பூவுக்குப் போகிறது. ‘பாசிஃப்ளோரா மிக்ஸ்டா’ என்ற கொடி மகரந்தச் சேர்க்கைக்கு ஏறத்தாழ முழுவதுமாக இதையே நம்பியிருக்கிறது. பூ ஆழமாக ஆக அலகும் நீண்டது. கூட்டுப் பரிணாமத்துக்கு இவ்வளவு தெளிவான சான்று அரிது.

இந்த அலகால் இறகுகளைக் கோத முடியாது. அந்த வேலையைக் கால்களே செய்கின்றன. கிளையில் அமர்ந்திருக்கையில், பாரத்தைச் சமாளிக்க அலகை மேல்நோக்கி உயர்த்தி வைத்துக்கொள்கிறது.