லாரிக்கு எத்தனால் பொருந்துமா?

எரிசாராயத்தைப் பெட்ரோலில் கலப்பதற்கு 1948ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. கலப்பு 2022இல் 10 சதவீதத்தையும் 2025இல் 20 சதவீதத்தையும் எட்டியது. தில்லி சரோஜினி நகரில் கார்கள் நிரப்பிக்கொள்வது இக்கலவையையே. ஆயின் அவ்வூர்க் கடைவீதிக்குத் தொலைவிலிருந்து துணிமூட்டை ஏற்றிவரும் லாரி ஓடுவது டீசலில். நாட்டின் டீசல் நுகர்வோ பெட்ரோலைப்போல் இருமடங்குக்கும் மேல்.

தடை இயந்திரத்தில் உள்ளது. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்திலேயே எரிபொருள் பற்றவேண்டும். எத்தனால் அவ்வாறு எளிதில் பற்றாது. நீர் கலந்தால் டீசலிலிருந்து பிரிந்தும்விடும். ஸ்வீடனின் ஸ்கேனியா நிறுவனம் அழுத்த விகிதத்தைக் கூட்டி, பற்றுதலைத் தூண்டும் துணைப்பொருளையும் சேர்த்து இதற்கு வழிகண்டது. 2014இல் நாகபுரியில் அத்தகைய பேருந்து ஓடிற்று.

எனினும் ஒரு லிட்டர் எத்தனாலின் ஆற்றல் டீசலில் ஏறத்தாழ 60 சதவீதமே. விலையும் அதே விகிதத்தில் குறைந்தாலன்றி லாரி உரிமையாளருக்குக் கட்டுப்படியாகாது.