ஆங்கிலச் சொல் அறிவோம்: 'எக்ஸாக்ட்'

இம்மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட சொல் 'எக்ஸாக்ட்' என்பதாம். கூடாமலும் குறையாமலும் உள்ள, துல்லியமான என்பது இதன் பொருள்.

பிறப்பு: இலத்தீன் மொழியின் 'எக்ஸிகெரே' என்னும் வினையிலிருந்து இது தோன்றியது. வெளியே ஓட்டுதல், கேட்டு வாங்குதல், எடையிட்டு ஆராய்தல் எனப் பல பொருள் அவ்வினைக்கு உண்டு. தராசின் நாவைக் குறித்த 'எக்ஸாமென்' என்னும் சொல்லும் அவ்வேரினதே. தேர்வைக் குறிக்கும் 'எக்ஸாமினேஷன்' அதன் வழி வந்தது. நாம் வழங்கும் 'துல்லியம்' வடமொழியின் 'துல்ய' என்பதன் திரிபு. அதன் வேரோ தராசைக் குறிக்கும் 'துலா'. ஆக, இரு சொற்களும் தராசோடு உறவுடையவை.

பயன்பாடு: 'எக்ஸாக்ட் வெயிட்' என்றால் சரியான எடை. 'எக்ஸாக்ட்லி' என்றால் மிகச் சரியாக. 'அபவுட்' என்றால் ஏறத்தாழ. இதே சொல் வினையாக வரும்போது, வற்புறுத்தி வசூலித்தல் என்று பொருள்படும். அளவு துல்லியமாக இல்லாத இடத்தில் இந்த இரண்டாம் பொருள் தலைகாட்டும் என்பதை நாம் மறத்தலாகாது.

நெசவாளர்க்கு ஓர் உதாரணம்: 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு நிறுத்தால் அது 40-ஆம் நம்பர் நூல். 38-ஆம் நம்பர் நூலை 40 என்று கொடுத்தால் எடை சரியாகவே நிற்கும்; ஆயினும் பவுண்டுக்கு 1,680 கெஜம் குறையும். தறியில் ஏறிய பின்னரே நட்டம் தெரியவரும்.

விவசாயிகட்கு ஓர் உதாரணம்: 1983-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஆந்திரம் சென்னைக்கு ஆண்டுதோறும் தரவேண்டிய கிருஷ்ணா நீர் 12 டி.எம்.சி.; அதாவது 1,200 கோடி கன அடி. நம் ஊத்துக்கோட்டைக்கு அருகே, எல்லையிலுள்ள 'ஜீரோ பாயிண்ட்'டில் வரும் நீர் அளக்கப்படுகிறது. இரு மாநிலங்கட்கிடையே 'அபவுட்' போதாது, 'எக்ஸாக்ட்' வேண்டும். மூட்டை நெல் விற்பவர்க்கும் அதுவே நியாயம்.

பயிற்சி: சங்கத்திற்குச் செல்லும்போது மின்னணுத் தராசில் இவ்வாண்டு முத்திரை உள்ளதா என்று பாருங்கள், ஆண்டுக்கொரு முறை மறுமுத்திரை இடுதல் சட்டம். சுமை ஏற்றுமுன் எண் பூச்சியத்தில் நிற்கிறதா என்றும் நோக்குங்கள். பின்னர், 'வாட் இஸ் தி எக்ஸாக்ட் வெயிட்?' என்று தயங்காது கேளுங்கள். கேட்பது அவநம்பிக்கையன்று, உறுப்பினரின் உரிமையாகும்.