ஆள் எடுக்க ஏ.ஐ.யை நம்பலாமா?

கேள்வி: எங்கள் அரிசி ஆலை வேலைக்கு விண்ணப்பங்கள் குவிந்துவிட்டன. சாட்ஜிபிடியிடம் கொடுத்துத் தேர்வு செய்யலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: விளம்பரம் எழுத, நேர்காணல் கேள்விகள் தயாரிக்கத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆளைக் கழிக்கும் வேலையை மட்டும் அதனிடம் விடாதீர்கள். அமேசான் நிறுவனம் பத்தாண்டு விண்ணப்பங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருள், பெண்களைக் குறிக்கும் சொல் இருந்தாலே விண்ணப்பத்தைப் பின்னுக்குத் தள்ளியது. காரணம், பழைய விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அந்த மென்பொருளைக் கைவிட்ட செய்தி 2018இல் வெளியானது.

நம் ஊரில் பெயர், அப்பா பெயர், தெருப் பெயர் போதும், சாதியை ஊகித்துவிடலாம். அவற்றையும் ஆதார் எண், போன் நம்பர், போட்டோவையும் நீக்காமல் எதையும் சாட்ஜிபிடியில் ஏற்றாதீர்கள்.

இன்னொன்று. அவித்துக் காயவைத்த நெல்லைக் கடித்துப் பார்த்தே அரவைக்குப் பதம் சொல்லும் ஆபரேட்டர் நாலு வரிதான் எழுதியிருப்பார். ஏ.ஐ.யை வைத்தே எழுதி அனுப்பியவர் அவரை முந்திவிடுவார். இருவரையும் ஆலைக்கு வரவழைத்து, களத்தில் நெல்லைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

தகுதிகளை முன்கூட்டியே சொல்வதும் முக்கியம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், உத்திரமேரூரில் ஊர்ச் சபையின் வாரிய (குழு) உறுப்பினருக்கான தகுதிகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். நிலமும் வேதக் கல்வியும் கேட்ட அந்தத் தகுதிகள் பலரை வெளியே நிறுத்தின, அது சரியல்ல. ஆனால் விதி ஊரறிய இருந்தது. நீங்களும் தகுதிகளை விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள். கிடைக்காதவர் காரணம் கேட்டால், தயவுசெய்து நீங்களே பதில் சொல்லுங்கள்.