சிறு நாய்க்குக் கழுத்துப் பட்டையா, மார்புப் பட்டையா?

விருதுநகர் மாவட்டம் ஆனைக்குட்டம் சுற்றுவட்டாரத்தில் ஆட்டுக் கொட்டிலுக்கும் கிணற்றடிக்கும் காவலாகச் சிறு நாய் வளர்க்கும் விவசாயிகள், அதைக் கட்டிவைக்கும் முறையில் போதிய கவனம் செலுத்துவதில்லை. கையில் கிடைத்த கயிற்றைக் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போடுவது தவறான பழக்கமாகும்.

வண்டி மாட்டை எடுத்துக்கொள்வோம். பாரம் நுகத்தடி வழியாகப் பிடரியில் இறங்கும்வரை மாடு சிரமமின்றி இழுக்கும். பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கினால் மூச்சு வாங்கும். நாய்க்கும் இதே கணக்குதான். கழுத்துப் பட்டையுடன் இழுக்கும் நாயின் பாரம் முழுவதும் மூச்சுக்குழலின் மேல் விழுகிறது. பொமரேனியன் போன்ற சிறிய இனங்களுக்கு மூச்சுக்குழல் இயல்பாகவே பலவீனமானது. இழுக்கும்போது வாத்து கத்துவதுபோல் இருமினால் கழுத்துப் பட்டையை உடனே கழற்றிவிட வேண்டும். கழுத்து இறுகும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதையும், மார்புப் பட்டையில் அவ்வாறு கூடாததையும் 2006-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் ஆய்வில் கண்டறிந்தனர்.

சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களில் வேறொரு சிக்கல் உண்டு. இவற்றின் தலை ஒடுங்கியது. பட்டை காது வழியே எளிதில் நழுவிவிடும். வெடிச் சத்தம் கேட்டால் இது நிச்சயம் நடக்கும். மனிதச் செவிக்கு எட்டுவது வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரைதான்; நாய்க்கு 45,000 வரை எட்டும். சிவகாசி வட்டாரத்தில் தீபாவளி வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, கோயில் கொடை, கல்யாணம், தேர்தல் வெற்றி எல்லாவற்றிற்கும் வெடிதான். மிரண்ட நாய் பின்வாங்கிப் பட்டையை உருவிக்கொண்டு சாலைக்கு ஓடும். சுவர் ஓரம் கட்டியிருந்தால் மறுபக்கம் தாவித் தொங்கி உயிரை விடும். மார்புப் பட்டையில் கட்டியிருந்தால் தொங்கினாலும் கழுத்து நெரியாது. ஆயினும் சுவர், வேலி, திண்ணை விளிம்பு ஆகியவற்றின் அருகே எந்த நாயையும் கட்டலாகாது.

கடைகளில் 'பாடி பெல்ட்' என்று கேட்டால் மார்புப் பட்டை கிடைக்கும். பருத்திக் கட்டில் நாடாவிலும் வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். கழுத்தடியில் ஒரு வளையம், முன்னங்கால்களுக்கு இரண்டு விரற்கடை பின்னால் மார்பைச் சுற்றி ஒரு வளையம்; இரண்டையும் முதுகிலும் நெஞ்சிலும் நாடாவால் இணைக்க வேண்டும். முதுகு இணைப்பில் இரும்பு வளையம் வைத்துத் தைக்கவும். எந்த இடத்திலும் இரண்டு விரல் நுழையும் தளர்வு போதும். மாட்டியபின் நாய்க்கு முன்னால் நின்று மெல்ல இழுத்துப் பாருங்கள். தோள் வெளியே வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். நாய்க்குச் சட்டை தைக்கிறான் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

மார்புப் பட்டையை இரவும் பகலும் விட்டுவைக்கக் கூடாது. கோடை வெயிலில் முன்னங்கால் கக்கம் வியர்வையின்றியே உராய்ந்து புண்ணாகும். நாடாவின் அடியில் உண்ணி அடையும். நனைந்தால் கழற்றி உலர்த்தவும். சும்மா படுத்திருக்கும் நாய் அதைக் கடித்துக் குதறிவிடும் என்பதும் உண்டு.

ஆகையால் அழைத்துச் செல்லவும், வெடிச் சத்தம் உள்ள நாட்களில் கட்டவும் மார்புப் பட்டை. அடையாளத்துக்கும் தடுப்பூசி வில்லை கோக்கவும் தளர்வான கழுத்துப் பட்டை என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே நல்லது. திருவிழா நாட்களில் சங்கிலியை மார்புப் பட்டையில் மாட்டி, அதிலிருந்து ஒரு சிறு கயிற்றைக் கழுத்துப் பட்டையோடும் சேர்த்துவிட்டால் ஒன்று நழுவினாலும் மற்றொன்று பிடிக்கும். அந்தச் சிறு கயிறு தளர்வாக இருத்தல் அவசியம்.

குட்டிகளுக்குப் பட்டை கட்டுவோர் வாரம் ஒருமுறை விரல் விட்டுப் பார்க்க வேண்டும். குட்டி வளரும், பட்டை வளராது. சதைக்குள் புதைந்து புழு வைத்தபிறகே பலருக்குத் தெரியவருகிறது. அப்படி நேர்ந்தால் வீட்டில் பிய்த்து எடுக்காமல் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுசெல்லவும். மூன்று மாதம் நிறைந்த குட்டியானால் அப்போதே வெறிநோய்த் தடுப்பூசியையும் போட்டுக்கொண்டு வரலாம்.