நீலப் பைன் வாங்கப் போறீங்களா? முதல்ல ஊசியை எண்ணிப் பாருங்க

வீட்டு வாசலில் ஒரு நீலப் பைன் நிற்க வேண்டும் என்று ஆசையா? தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பவர்கள் பணத்தை எடுப்பதற்கு முன் மூன்று விஷயங்களைத் தெரிஞ்சுக்கணும்.

எது பைன்?

பைன் ஊசிகள் 2, 3 அல்லது 5 சேர்ந்த கொத்தாகவே வரும். ஸ்காட்ஸ் பைனில் 2. இமயமலை நீலப் பைனிலும் ஜப்பான் வெள்ளைப் பைனிலும் 5. ஊசிகள் கிளையில் தனித்தனியாக இருந்து, விரலிடையில் உருட்டும்போது நாலு பட்டை தட்டுப்பட்டால் அது ஸ்புரூஸ். இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வந்தால் அது நம்ம சவுக்கு. அடுக்கடுக்காகக் கிளை விட்டு, 'கிறிஸ்துமஸ் மரம்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் அரக்கேரியா. அதுவும் பைன் இல்லை.

நீலம் எங்கிருந்து வருது?

கரும்பில் கணுவுக்குக் கீழே வெள்ளையாகப் படிஞ்சிருக்குமே, அதுபோன்ற மெழுகுதான் ஊசிக்கு நீல நிறம் தருகிறது. தேய்த்தால் அடியில் பச்சை தெரியும். விதை போட்டால் அதே நீலம் வரும் என்று உறுதி கிடையாது. அதனால் நல்ல நீல ரகங்களை ஒட்டுக் கட்டித்தான் பெருக்குகிறார்கள். நீல ரகம் என்று சொல்லித் தந்தால், தண்டின் அடியில் ஒட்டுத் தழும்பு இருக்கான்னு பாருங்க.

நம்ம ஊரில் நிற்குமா?

நிற்பது கஷ்டம். இமயமலை நீலப் பைன் சுமார் 1,800 மீட்டருக்கு மேல் குளிரில் வளரும் மரம். தஞ்சாவூரோ 60 மீட்டர் உயரம்கூட இல்லை. ஐப்பசி மழையில் களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். தப்பினாலும் சித்திரை வெயில் விடாது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் பைன் செழிப்பது மலைக் குளிரால்தான்.

நீலம்தான் வேண்டும் என்றால் பிஸ்மார்க் பனை வையுங்க. மடகாஸ்கரைச் சேர்ந்த இந்தப் பனையின் விசிறி இலைகள் வெள்ளி கலந்த நீலமாக இருக்கும், வெயில் தாங்கும். பெரிதாக விரியும் என்பதால் சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி, மண்ணை மேடாக்கி, மணலும் தொழு உரமும் கலந்து நடுங்க. வேர் கலைந்தால் பட்டுப்போகும். அதனால் தொட்டி மண் உதிராமல் இறக்குங்க. பிறகு இடம் மாற்றாதீங்க. ஊசியிலை அழகு வேண்டுமென்றால் அரக்கேரியா போதும்.

யாரிடம் கேட்பது?

சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்க. கட்டணமில்லாக் கிசான் அழைப்பு மையம் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம்.

வாங்கும்போது ரகத்தின் பெயர் எழுதிய பில் கட்டாயம் கேட்டு வாங்குங்க. ஒரு பெயர் சொல்லி வேறு செடியைத் தந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. பில் கையில் இருந்தால்தான் உங்கள் பேச்சு எடுபடும்.