சிறகும் தோல்மடியும்

"பறக்கும் அணில் பறவையா, விலங்கா?" முன்பொருநாள் வகுப்பில் மாணவி ஒருத்தி எழுப்பிய இவ்வினாவையே பாடத்தின் தொடக்கமாகக் கொள்வோம்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் பெரும் பறக்கும் அணில், கொறிக்கும் விலங்கு. அதற்குச் சிறகு இல்லை. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே மயிர் போர்த்த தோல்மடி உண்டு. மரவுச்சியில் ஏறி, கால்களை விரித்துத் தாவி, காற்றில் சறுக்கியவாறே தாழ்ந்து அடுத்த மரத்தை அடையும். நீண்ட வால் நிலை தடுமாறாமல் காக்கும். மீண்டும் உயரம் பெற வேண்டுமாயின் மரமேறியே ஆக வேண்டும்.

நம் தோட்டங்களில் பாடும் குண்டுகரிச்சான் குருவியோ சிறகடித்து மேலெழ வல்லது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியுமிடத்தில் அமைந்த குரலுறுப்பால் விடியலில் இனிது இசைக்கும். அணில் இரவில் இரை தேடும்; குருவி பகலில் தேடும். அணில் குட்டி ஈன்று பாலூட்டும். குருவி முட்டையிட்டு அடைகாத்து, குஞ்சுகளுக்குப் பூச்சிகளை ஊட்டும்.

இத்துணை வேறுபாடுகள் இருப்பினும், தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் சவ்வுப்பையுடன் பிறப்பனவற்றையும் முட்டையிற் பிறப்பனவற்றையும் கருப்பப் பிறப்பு என்னும் ஒரே வகையில் அடக்குகிறது. இரண்டும் மெய், வாய், மூக்கு, கண், செவி என்னும் ஐம்பொறிகளும் உடையவை; நம்மைப் போலவே துன்பத்தை உணர்பவை.

மற்றோர் ஒற்றுமையும் உண்டு. முதிர்ந்த மரத்தின் பொந்தே இரண்டிற்கும் இல்லம். அணில் பகலெல்லாம் அதனுள் உறங்கும். குருவி பெரும்பாலும் பங்குனி முதல் ஆனி வரை பொந்துகளில் முட்டையிடும்.

நான் பணியாற்றிய பள்ளியொன்றில் பாதி பட்டுப்போன வேப்பமரம் ஒன்று நின்றது. கோடை விடுமுறையில் அதனை வெட்ட யானும் இசைந்தேன். மரம் சாய்ந்த பின்னரே, பொந்திலிருந்து சிதறி உடைந்த முட்டைகளைக் கண்டேன். தாய்க்குருவி அவ்விடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. "அறியாமற் செய்தது" என்று என்னை நானே தேற்றிக்கொள்ள முயன்றேன், இயலவில்லை. விழிப்பின்மையால் உயிருக்கு ஊறு செய்தலே இம்சை என்று அந்நூலின் ஏழாம் அத்தியாயம் கூறுகிறதன்றோ? பொந்தை ஒருமுறை நோக்கியிருந்தால் அறிந்திருப்பேன், நான் நோக்கவில்லை.

நீரை வடிகட்டிப் பருகும் நம் இல்லத்தார், மரத்தில் கோடரி வைக்குமுன் அதன் பொந்தையும் நோக்குதல் வேண்டும். குஞ்சு பொரிக்கும் காலமாயின் சில திங்கள் பொறுத்திருப்பது அறம்.

பயிற்சி வினாக்கள்:

1. சறுக்குதலுக்கும் பறத்தலுக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. அணிலும் குருவியும் எவ்வகைப் பிறப்பின?

3. உங்கள் வீட்டருகே பொந்துள்ள மரம் எது? அதில் வாழும் உயிர் யாது? பெற்றோருடன் சென்று, தொலைவில் நின்று கண்டு எழுதுக.