மனை எழும் காலம்

உணவும் உடையும் போலவே உறையுளும் மாந்தர்க்கு இன்றியமையாதது. உணவு சில நாழிகைப் பொழுதில் ஆக்கப்படும். உடை ஒருநாளில் தைக்கப்படும். உறையுளோ திங்கள் பலவற்றை வேண்டி நிற்கும். 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்னும் பழமொழி, பொருட்செலவோடு பொறுமையின் அருமையையும் கருதி எழுந்ததாகும். புதிய வீடொன்று எழுவதற்கு ஏன் இத்துணைக் காலம் ஆகின்றது? அக்காலத்துள் குறைக்கத் தகுவது எது? தகாதது எது? இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

வீட்டுப் பணி அளவையில் தொடங்குகின்றது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனை எழுந்த முறையைக் கூறுமிடத்து, இரண்டு கோல்களை நட்டு, நண்பகலில் அவற்றின் நிழலைக் கண்டு திசை துணிந்ததையும், கட்டட நூல் கற்றோர் கயிறு பிடித்து அளந்ததையும் முதற்கண் வைக்கின்றார். மண்ணின் தன்மையை அறிய வேண்டுவதும் இந்நிலையிலேயே. கரிசல் மண் மழையில் பருக்கும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் ஆழமின்றிக் கடைக்கால் இடுவோமாயின், மண்ணோடு சுவரும் வெடிக்கும். ஆதலின், சுவர் எழுமுன் கழியும் நாள்கள் வீண்நாள்கள் ஆகா.

அடுத்துக் கருதத்தக்கது சாந்து. நம் முன்னோர் சுண்ணாம்பை நீற்றி, மணலுடன் சேர்த்து அரைத்து, கடுக்காய் நீரும் பனைவெல்லமும் கலந்து பயன்படுத்தினர். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லக் கல்லாகும் இயல்பினது. அது முழு வலிமை பெற நெடுங்காலம் ஆகும். சிமெண்டு விரைந்து இறுகுவது. ஆயினும் அதுவும் காலத்தை அறவே வென்றதில்லை. சிமெண்டு காய்வதால் வலிமை பெறுகின்றது என்று பலர் எண்ணுவர். உண்மையில் அது நீரோடு கூடி வினைபுரிவதாலேயே வலிமை பெறுகின்றது. நீர் வற்றின் அவ்வினை நின்றுவிடும். இதனாலன்றோ தளம் இட்ட மறுநாளே கொத்தனார் அதன்மேல் சிறு பாத்திகள் கட்டி நீர் தேக்குகின்றார்! சாதாரண சிமெண்டாயின் குறைந்தது 7 நாளும், வெப்பம் மிக்க வறண்ட காலத்தில் 10 நாளும் ஈரம் காக்க வேண்டும் என இந்தியத் தர விதி கூறுகின்றது. அதன் வலிமையை 28ஆம் நாளில் அளந்து காண்பது வழக்கம்.

தளத்தின் அடியில் சவுக்கு முட்டுகள் காடுபோல் நிற்க, ஆள் அரவமின்றி இருக்கும் வீட்டைக் கண்டு, 'வேலை நின்றுவிட்டது' என்பாரும் உளர். அங்கே ஆள் செய்யும் வேலைதான் நின்றது. பொருள் செய்யும் வேலை இடையறாது நடக்கின்றது. அஃதறியாது முட்டுகளை முந்தி அகற்றுவோர், தளம் சரிந்து உயிரிழப்பு நேரவும் காரணராவர்.

இவ்வாறு பொருளுக்கு உரிய காலம் ஒன்று உண்டு. அதனைக் குறைத்தல் தகாது. மாந்தரால் கழியும் காலம் மற்றொன்று. இசைவு கிடையாமை, பணம் வந்து சேராமை, எண்ணத்தை இடையில் மாற்றுதல், வழக்கு முதலியன இதனை நீட்டுவன.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையால் நாகப்பட்டினக் கடற்கரையில் எண்ணற்றோர் வீடிழந்தனர். ஒரு வீட்டைக் கட்டச் சில திங்களே போதும். எனினும், நிலம் தேர்ந்து பெறுதலும், கடலிலிருந்து எத்துணைத் தொலைவில் குடியமர்த்துவது எனத் துணிதலும் காலத்தை விழுங்கின. குடும்பங்கள் பல தற்காலிகக் குடில்களின் வெப்பத்திலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. காத்திருக்கும் குழந்தைக்கு அவ்வாண்டுகள் இளமையின் ஒரு பகுதியன்றோ!

இக்காலத்தைக் குறைக்க வழிகள் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின், பிரிட்டனில் 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 1,56,000 வீடுகளின் பகுதிகளைத் தொழிற்சாலைகளில் செய்து, உரிய இடங்களுக்குக் கொணர்ந்து பூட்டினர். ஓரிடத்தில் கடைக்கால் இறுக, வேறிடத்தில் சுவர் உருவாயிற்று. பத்தாண்டு நிற்கக் கருதிய அவ்வீடுகளுள் பல, பல பத்தாண்டுகள் நின்றன. 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் குஜராத்தில் நேர்ந்த நிலநடுக்கத்திற்குப் பின், வீடிழந்தோர் பலர் தாமே தம் வீட்டைக் கட்ட அரசு பொருளுதவி அளித்தது. நிலைதோறும் பணியைக் கண்டு, தவணை தவணையாகப் பணம் வழங்கினர். நடுக்கம் தாங்கக் கட்டும் முறையைக் கொத்தர்க்கும் பயிற்றினர்.

மாணவர்களே! பொருளின் காலத்தைத் திருடுபவன் வீட்டைக் கெடுக்கின்றான். மாந்தரின் காலத்தை வீணாக்குபவன் குடியிருப்போரை வருத்துகின்றான். நீங்கள் நாளை பொறியாளராகலாம், கொத்தனாராகலாம், இசைவு வழங்கும் அலுவலராகலாம். எப்பணியில் அமர்ந்தாலும், சாந்து இறுகப் பொறுத்திருங்கள்; உங்கள் கையெழுத்துக்காக எவரையும் காத்திருக்கச் செய்யாதீர்கள்.